மோதுகிறவருக்கு உடைமையில் பங்கு உண்டா?

சண்டை விளையாட்டில் மக்கள் டிக்கெட் வாங்குவது ஓர் ஆளின் பெயரைப் பார்த்துத்தான். கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் வீரர் விலகினாலும் அணியின் பெயர் நிற்கும், ஊர்ப்பற்று நிற்கும். குத்துச்சண்டை, மல்யுத்தம், எம்.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டை ஆகியவற்றில் சுவரொட்டியில் இருக்கும் இரண்டு முகங்கள்தான் சரக்கு. அரங்கம் பிடித்து, ஒளிபரப்பு உரிமையை விற்று, லாப நட்டத்தை ஏற்றுக்கொள்பவர் புரமோட்டர். வீரருக்கு ஒரு சண்டைக்கு இவ்வளவு என்று கூலி. கூலி வாங்கியதோடு அவர் கணக்கு முடிகிறது. அவர் வாங்கிய அடியில் வளர்ந்த நிறுவனம் பத்து ஆண்டு கழித்து நூறு மடங்கு விலைக்குப் போனாலும் அதில் அவருக்கு ஒரு காசு வராது. நட்சத்திர வீரருக்கு நிறுவனத்திலேயே உடைமைப் பங்கு தர வேண்டும் என்ற கோரிக்கை இங்கேதான் பிறக்கிறது.

புரமோட்டர் இல்லாத காலத்துச் சண்டைகளில் இந்தக் கோரிக்கைக்கு இடமில்லை. வடக்கன் பாட்டுகள் பாடும் அங்கத்தில், இரு வீட்டாரின் வழக்கைத் தீர்க்க வாளெடுக்கும் சேகவர் களத்தில் இறங்கும் முன்பே பணக்கிழியை வாங்கிவிடுவார். உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை என்பதால் கூலி முன்பணமாகவே வந்தாக வேண்டும். பாலக்காடு மாவட்டம் பல்லசனாவில் ஓணத்தை ஒட்டி இன்றும் நடக்கும் ஓணத்தல்லில் பணத்துக்கே வேலை இல்லை. ஊர் இரண்டு தரப்பாகப் பிரிந்து, வெற்றுடம்பும் இறுக்கிக் கட்டிய வேட்டியுமாக இறங்கி, வெறுங்கையால் அறைந்துகொள்வார்கள். குறுநிலத் தலைவர்கள் காலத்துப் பகை ஒன்றின் நினைவு அது என்பது ஊர் வழக்கு. டிக்கெட்டும் இல்லை, ஒளிபரப்பு உரிமையும் இல்லை, பங்கிடவும் ஒன்றுமில்லை. சண்டை வியாபாரமான பிறகுதான் வியாபாரம் யாருடையது என்ற கேள்வி வந்தது.

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் அமெரிக்காவின் யு.எஃப்.சி. நிறுவனம். 2001-ல் லாஸ் வேகஸைச் சேர்ந்த ஃபெர்டிட்டா சகோதரர்கள் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2016 ஜூலையில் அதுவே ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கைமாறியது. நிறுவனத்தின் முகமாக இருந்த டேனா வைட்டிடம் பங்கு இருந்தது. கூண்டுக்குள் இறங்கி ரத்தம் சிந்தியவர்களுக்கு அந்த விற்பனையில் எதுவும் வரவில்லை. அதைவிட மனத்தை உறுத்துவது அடுத்து நடந்தது. புதிய உரிமையாளர்கள் பிரபலங்களுக்குச் சிறு பங்குகளை விற்றார்கள். டென்னிஸ் வீராங்கனைகள் செரீனா, வீனஸ் வில்லியம்ஸ், அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிராடி, தொலைக்காட்சித் தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையன் என்று அந்தப் பட்டியல் நீண்டது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடி ஆல்வரெஸை வீழ்த்தி, ஒரே நேரத்தில் இரண்டு எடைப்பிரிவுகளின் பட்டத்தைக் கையில் வைத்திருந்த முதல் யு.எஃப்.சி. வீரரானார் அயர்லாந்தின் கானர் மெக்ரெகர். அன்றிரவே பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் கேட்டது நிறுவனத்தில் பங்கு. சண்டையே போடாத பிரபலங்களுக்குப் பங்கு இருக்கும்போது தனக்கு ஏன் இல்லை என்பது அவர் வாதம். பங்கு கிடைக்கவில்லை.

பங்கு கேட்கும் நிலைக்கு வருபவர் ஆயிரத்தில் ஒருவர்தான். மற்றவர்களின் கணக்கைப் பார்த்தால்தான் விவகாரத்தின் ஆழம் தெரியும். யு.எஃப்.சி.யில் புதிதாக நுழைபவருக்குப் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்த ஒப்பந்தம் ‘பத்தும் பத்தும்’. களத்தில் இறங்கினால் 10,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு 10,000. தோற்றவர் கையிலிருக்கும் பத்தாயிரத்தில் பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் கழிவு கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதப் பயிற்சி முகாம், உடன் பயிற்சி செய்ய வந்தவர்களின் செலவு, எடையைக் குறைக்கும் வாரத்தின் சாப்பாட்டுச் செலவு எல்லாம் அதற்குள்தான். பிறகு வரி. ஆண்டுக்கு இரண்டு சண்டை கிடைத்தாலே பெரிது. சட்டப்படி அவர் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். ஆகவே ஓய்வூதியம் என்ற பேச்சே எழாது. நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியான கணக்குப்படி, நிறுவனத்தின் வருமானத்தில் வீரர்களுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொழிற்சங்கம் வைத்திருக்கும் அமெரிக்கக் கூடைப்பந்து, கால்பந்து வீரர்கள் ஏறக்குறைய பாதியைப் பெறுகிறார்கள்.

2014 டிசம்பரில் சுங் லீ உள்ளிட்ட வீரர்கள், சந்தையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கூலியை அமுக்குவதாக யு.எஃப்.சி. மீது வழக்குத் தொடுத்தார்கள். முதலில் பேசிய சமரசத் தொகை போதாது என்று 2024 ஜூலையில் நீதிபதியே அதை நிராகரித்தார். கடைசியில் 37.5 கோடி டாலர் சமரசம் 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பணம் கிடைத்தது. பங்கு கிடைக்கவில்லை.

அண்மையில் இந்தக் கோரிக்கைக்குப் புதிய அவசரம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நட்சத்திரங்களுக்கு இதுவரை கூலிக்கு மேல் கிடைத்த பெரிய தொகை, கட்டணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று வந்த கழிவு. 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் நிறுவனத்தோடு ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட யு.எஃப்.சி., 2026 முதல் அமெரிக்காவில் தனிக்கட்டண ஒளிபரப்பைக் கைவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிப் பணம் கேட்கும் அளவுகோலே வீரர் கையைவிட்டுப் போய்விட்டது. இனி நிறுவனத்தின் வளர்ச்சியோடு வீரரின் வருமானத்தைக் கட்டிவைக்க மிஞ்சியிருக்கும் வழி உடைமைப் பங்கு ஒன்றுதான்.

குத்துச்சண்டையில் இந்தப் பாதை முன்பே திறந்துவிட்டது. ஆஸ்கர் டி லா ஹோயா 2002-ல் கோல்டன் பாய் புரமோஷன்ஸைத் தொடங்கினார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் அதில் பங்காளியானார். ஃப்ளாய்ட் மேவெதர் 2006-ல் தன் புரமோட்டரிடமிருந்து 7,50,000 டாலர் கட்டி விலகி, பின்னர் சொந்த நிறுவனத்தின் பெயரில் சண்டை போட்டு, உலகிலேயே அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர்களில் ஒருவரானார். 2000-ல் வந்த முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் புரமோட்டரும் மேலாளரும் ஒருவராக இருக்கக்கூடாது என்கிறது. ஆனால் வீரர் தனக்குத் தானே புரமோட்டராக இருப்பதை அது தடுக்கவில்லை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எம்.எம்.ஏ. வீரர்களுக்குக் கிடையாது.

எம்.எம்.ஏ.வில் பங்கு வாங்கிய முன்னோடி கேமரூனில் பிறந்த பிரான்சிஸ் இங்கானு. ஹெவிவெயிட் பட்டம் கையில் இருக்கும்போதே 2023 ஜனவரியில் யு.எஃப்.சி.யைவிட்டு வெளியேறி, மே மாதம் பி.எஃப்.எல். என்ற போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனத்தில் பங்கு, ஆப்பிரிக்கப் பிரிவின் தலைமைப் பொறுப்பு ஆகியவற்றோடு அவர் கேட்டு வாங்கிய இன்னொன்றுதான் போற்றத்தக்கது. தன்னை எதிர்த்து மோதுபவருக்குக் குறைந்தது 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், யு.எஃப்.சி.யும் மல்யுத்த நிறுவனமான டபிள்யு.டபிள்யு.இ.யும் இணைந்து உருவான டி.கே.ஓ. நிறுவனம், ‘தி ராக்’ என்ற டுவைன் ஜான்சனை இயக்குநர் குழுவில் சேர்த்து, ஏறத்தாழ 3 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தது. ஜான்சனுக்கு அந்தப் பேரத்தை வாங்கித் தந்தது ஹாலிவுட் புகழ். மல்யுத்த மேடையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அப்படி ஒரு கதவு திறந்ததில்லை.

இந்தியாவில் சண்டை நிறுவனங்களின் உடைமை பெரும்பாலும் சினிமாவைச் சுற்றியே இருந்திருக்கிறது. 2012-ல் சூப்பர் ஃபைட் லீகைத் தொடங்கியவர்கள் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும். 2019-ல் வந்த மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் நடிகர் டைகர் ஷெராஃப் குடும்பத்தினுடையது. அந்த மேடையில் பட்டம் வென்று வளர்ந்த பூஜா தோமர்தான் 2024 ஜூன் 8 அன்று யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். மேடை ஏறியவரே உரிமையாளரான உதாரணம் என்றால், ஜலந்தரில் 2015-ல் மல்யுத்த நிறுவனம் தொடங்கிய கிரேட் காளியைச் சொல்லலாம்.

வீரருக்குப் பங்கு என்பதற்கு இந்தியாவின் தெளிவான முன்மாதிரி சண்டைக் களத்தில் இல்லை, கிரிக்கெட்டில் இருக்கிறது. 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது எட்டு அணிகளில் மிக மலிவாக, 6.7 கோடி டாலருக்குப் போனது ராஜஸ்தான் ராயல்ஸ். கையில் பெரிய பணம் இல்லாத அந்த அணி, ஓய்வுபெற்றிருந்த ஷேன் வார்னேவைத் தலைவராகவும் பயிற்சியாளராகவும் அழைத்தது. சம்பளத்தோடு, ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அணியில் 0.75 விழுக்காடு பங்கு என்று பேசி முடித்தார்கள். நான்கு ஆண்டில் மூன்று விழுக்காடு சேர்ந்தது. முதல் ஆண்டே கோப்பை வந்தது. அணியின் மதிப்பு பின்னாளில் பல மடங்கு ஏறியபோது அந்த மூன்று விழுக்காடும் சேர்ந்து ஏறியது. பணம் குறைவாக இருக்கும் தொடக்க நாளில் திறமையை ஈர்க்கப் பங்கு கொடுப்பது இரு தரப்புக்கும் லாபம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சென்னை சூப்பர் கிங்ஸில் நடந்தது வேறு. 2015-ல் அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது, அதன் பங்குகள் இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் போயின. சிமெண்ட் பங்கு வைத்திருந்த பொதுமக்களும் எல்.ஐ.சி.யும் கிரிக்கெட் அணியின் உரிமையாளர் ஆனார்கள். மஞ்சள் சட்டை போட்டு அந்தப் பெயருக்கு மதிப்பு சேர்த்த வீரர்களுக்கு, வீரர் என்ற முறையில் ஒன்றும் வரவில்லை. கேரள பிளாஸ்டர்ஸில் சச்சின் டெண்டுல்கரும் சென்னையின் எஃப்.சி.யில் எம்.எஸ். தோனியும் பங்கு வைத்தது வீரர் உடைமை போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் வேறோர் ஆட்டத்தில் சம்பாதித்த பெயரோடு முதலீட்டாளராக வந்தவர்கள். சச்சின் 2018-ல் தன் பங்கை விற்று வெளியேறினார். அந்தக் களத்தில் பந்தை உதைத்தவர்கள் சம்பளக்காரர்களாகவே தொடர்ந்தார்கள்.

மலைமேல் ஒரு பரிசோதனை

உடலுழைப்பால் மதிப்பை உண்டாக்குபவர்களுக்கு நிறுவனத்தின் பங்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில், போடிமெட்டு ஏறி மூணாறு போகும் வழியெங்கும் பரந்திருக்கும் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பரிசோதனை இருபது ஆண்டுகளாக நடக்கிறது. சண்டைக் கூண்டுக்கும் கொழுந்துக் கூடைக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். பங்குப் பத்திரம் என்ற ஒன்றின் பலமும் பலவீனமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. பின்னர் ஃபின்லே, டாட்டா-ஃபின்லே, டாட்டா டீ என்று கை மாறியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்களின் பேரன் பேத்திகள்தான் இன்றும் அங்கே கொழுந்து எடுக்கிறார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேடு பக்கம் தோட்டங்கள் அடுத்தடுத்துப் பூட்டப்பட்டு, வண்டிப்பெரியாறு வட்டாரத்தில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. மூணாற்றில் டாட்டா டீ தோட்டத் தொழிலிலிருந்து விலக முடிவு செய்து, தோட்டங்களை 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தொழிலாளர்களும் அலுவலர்களுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில். டாட்டா தரப்பிடம் சிறுபான்மைப் பங்கு நின்றது. இவ்வளவு பேர் சேர்ந்து உரிமையாளர்களான தேயிலை நிறுவனம் உலகிலேயே அபூர்வம் என்று மேலாண்மைப் பள்ளிகள் அதைப் பாடமாக எடுத்தன.

அந்தப் பரிசோதனை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. பீர்மேட்டில் நடந்த கதவடைப்பு மூணாற்றில் நடக்கவில்லை. தோட்டம் ஓடியது, வேலை நிலைத்தது, நல்ல ஆண்டுகளில் ஈவுத்தொகையும் வந்தது.

பத்து ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்கள் தங்கள் நிறுவனத்தை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். லாபம் குறைந்ததைக் காரணம் காட்டி, முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸை நிர்வாகம் 10 விழுக்காடாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாறு நகரத்தை முற்றுகையிட்டார்கள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. நிர்வாகத்தோடு சேர்ந்து சுகம் கண்டவர்கள் என்று அவர்களையும் சேர்த்தே சாடினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தின் முன்னணியில் லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் நின்றார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த கட்டப் பேச்சில் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

பங்கு வைத்திருந்தவர்கள் ஏன் சாலைக்கு வந்தார்கள்? ஒரு நாள் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து சரிவில் வரிசை பிடிக்கும் பெண்ணுக்கு அப்போது நாளொன்றுக்கு 21 கிலோ கொழுந்து கட்டாயம். அதற்கு மேல் எடுப்பதற்குத்தான் ‘அதிகக் கிலோ’ காசு. பருவத்தில் கொழுந்து பொங்கும்போது அறுபது எழுபது கிலோ எடுப்பவர்களும் உண்டு. சாக்கைத் தலையில் ஏற்றி, சேறும் அட்டையுமான பாதையில் இறங்கி, எடை போடும் இடத்தில் இறக்க வேண்டும். மழைநாளில் ஈரத்துக்கென்று கழிவு போகும். அந்தி சாயும்போது திரும்புவது ஓர் அறையும் அடுப்படியுமான லயத்து வீட்டுக்கு. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். ஓய்வுபெறும்போது பிள்ளைகளில் ஒருவரையாவது தோட்ட வேலையில் சேர்க்காவிட்டால் காலி செய்ய வேண்டும்.

இனி பங்கின் கணக்கு. பத்து ரூபாய் முகமதிப்பில் ஒருவரிடம் 300 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனம் 20 விழுக்காடு ஈவு அறிவித்தால் ஆண்டுக்குக் கிடைப்பது 600 ரூபாய். 2015-ன் கூலியில் அது மூன்று நாள் சம்பளத்துக்கும் குறைவு. போனஸ் பத்து விழுக்காடு குறைந்தால் இழப்பு ஆயிரங்களில் போகும். உரிமையாளர் என்ற தகுதியில் வரும் நூறுகளை, தொழிலாளி என்ற தகுதியில் இழக்கும் ஆயிரங்கள் விழுங்கிவிடும். பங்கு கூலியின் மேல் சேரும் கூடுதலாக இருக்கும்வரை நல்லது. கூலியைக் குறைக்கச் சொல்லும் காரணமாக அது மாறிய கணமே கேடு.

பங்கை வெளியே விற்கவும் சந்தை இல்லை, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் அது. வாக்குரிமையும் எட்டாக்கனிதான். பங்கு ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும்போது, தினமும் கணக்கைப் பார்ப்பவர்களும் ஆங்கில ஆண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்களும்தான் முடிவெடுக்கிறார்கள். பொதுக்குழுவில் கை தூக்கும் உரிமை மலைச்சரிவில் நிற்கும் பெண்ணுக்குத் தாளில் இருந்தது. போனஸைத் தீர்மானிக்கும் மேசையில் அவளுக்கு நாற்காலி இல்லை. அந்த நாற்காலியைப் பங்குப் பத்திரம் வாங்கித் தரவில்லை, சாலையில் உட்கார்ந்த ஒன்பது நாள்தான் வாங்கித் தந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அந்த நிறுவனத்தின் பெட்டிமுடித் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைப் புதைத்தபோது, பாதுகாப்பான இடத்தில் வீடு என்ற பழைய கோரிக்கை மீண்டும் எழுந்தது. இறந்தவர்களில் பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். நிறுவனத்தின் உரிமையாளர் பட்டியலில் தொழிலாளர் இருந்தும் அவர்களுடைய வீட்டின் இடத்தையும் தரத்தையும் அவர்களால் தீர்மானிக்க முடிந்ததில்லை.

கூட்டுறவு முறை வேறு விதமாக வேலை செய்கிறது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தில் பணியாளர்களே சங்கம் சேர்ந்து நடத்தத் தொடங்கினார்கள். கேரளத்தில் முதல் இந்தியன் காபி ஹவுஸ் 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. சிதறிய பங்கு என்ற நோய் அங்கே வராது. ஆனால் வெளியிலிருந்து பெரிய முதலும் வராது. நூறு கோடிக்கு ஒளிபரப்பு மேடை அமைக்க வேண்டிய சண்டை நிறுவனத்தை முழுக் கூட்டுறவாக நடத்துவது கடினம். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியை மட்டும் கடன் வாங்கலாம்.

எதிர்வாதமும் அதன் எடையும்

வீரருக்குப் பங்கு கூடாது என்பவர்களின் வலுவான வாதம் நலமோதல். நிறுவனத்தில் பங்குள்ள வீரருக்கு யாரோடு சண்டை, எந்த ஊரில், யார் நடுவர் என்பதில் செல்வாக்கு வந்துவிடும். எதிரே நிற்பவர் ஒரு வகையில் அவருடைய கூலிக்காரர் ஆகிவிடுவார். நட்சத்திரம் தோற்றால் நிறுவனத்தின் மதிப்பு சரியும் என்றால், அவர் தோற்காமல் பார்த்துக்கொள்ளும் ஆசை அலுவலகத்தில் எல்லோருக்கும் வரும். இந்த அபாயத்தை இந்தியா கிரிக்கெட்டில் நேரில் பார்த்திருக்கிறது. வாரியத்தை நிர்வகிப்பவர்களே அணியையும் வைத்துக்கொள்ள வழிசெய்த விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 22 அன்று செல்லாததாக்கியது. நிர்வாகிக்குப் பொருந்தும் அந்த நியாயம் வீரருக்கும் பொருந்தும்.

வாதம் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. நலமோதல் ஏற்கெனவே இருக்கிறது. சண்டைகளை ஜோடி சேர்ப்பதும் பட்டத்தைக் கொடுப்பதும் தரவரிசை போடுவதும் பல எம்.எம்.ஏ. நிறுவனங்களில் புரமோட்டரின் பிடியில்தான். புரமோட்டர் பங்கு வைத்திருந்தால் வியாபாரம், வீரர் வைத்திருந்தால் ஊழல் என்று பிரிப்பதற்கு நியாயம் இல்லை. நடுவர் நியமனத்தையும் தரவரிசையையும் நிறுவனத்துக்கு வெளியே கொண்டுபோவதுதான் மருந்து. அதைச் செய்தால் யாரிடம் பங்கு இருந்தாலும் ஆட்டம் கெடாது.

இன்னொரு எதிர்வாதம், நட்டம் வந்தால் வீரர் ஏற்பாரா என்பது. புரமோட்டர் பணத்தை இழக்கலாம், உண்மைதான். வீரர் கண்பார்வையை இழக்கலாம், மூளைக் காயத்தோடு மீதி ஆயுளைக் கழிக்கலாம். உடலை முதலாகப் போட்டவரை அபாயம் ஏற்காதவர் என்று சொல்வது கொடுமை.

வலுவான கேள்வி பங்கு நட்சத்திரத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்பதுதான். ஒரு சண்டை இரவில் பத்துப் பன்னிரண்டு சண்டைகள் நடக்கும். கடைசிச் சண்டைக்காகத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் முன்னால் மோதி, தோற்று, அந்த நட்சத்திரத்தின் வெற்றிப் பட்டியலை நிரப்பியவர்கள் இல்லாமல் அவர் நட்சத்திரம் ஆகியிருக்க முடியாது. நட்சத்திரத்துக்கு மட்டும் பங்கு கொடுத்தால் அவர் புரமோட்டர் பக்கம் சாய்ந்துவிடுவார், மற்றவர்களின் கூலியைக் குறைத்தால் அவருக்கும் ஈவு கூடும். எல்லோருக்கும் சிறு சிறு பங்காகத் தூவினால் மூணாற்றில் நடந்ததுதான் நடக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தின் பங்கில் குறிப்பிட்ட விழுக்காட்டை வீரர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையில் ஒன்றாக வைக்க வேண்டும். ஆடிய சண்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் அதில் பயன் சேர வேண்டும். வாக்குகளைச் சிதறவிடாமல், ஒருவருக்கு ஒரு வாக்கு என்று வீரர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி இயக்குநர் குழுவில் அமர வேண்டும். நட்சத்திரம் அதற்கு மேல் தனக்கென்று பேசி வாங்கினால் அது அவர் சாமர்த்தியம். இங்கானு தன் எதிராளிக்கும் சேர்த்துப் பேசியது போல, நட்சத்திரத்தின் பேரபலம்தான் இந்த அறக்கட்டளையை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தர முடியும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு வழி குறுகலாகவே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 54-ம் பிரிவு உழைப்புக்கு ஈடாகப் பங்கு தர அனுமதிக்கிறது. அது நிரந்தர ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான். பெற்றபின் மூன்று ஆண்டு விற்க முடியாது. ஊழியர் பங்கு விருப்பத் திட்டமும் ஊழியர்களுக்கே. சண்டைக்குச் சண்டை ஒப்பந்தம் போடும் வீரர் இரண்டிலும் அடங்கமாட்டார். மதிப்பீட்டாளர் சான்றோடு தனி ஒதுக்கீடாகப் பங்கு வாங்கலாம், இயக்குநராக நுழையலாம், அல்லது மேலே சொன்ன அறக்கட்டளை வழியாகப் பயன் பெறலாம். வரியையும் மறக்கக்கூடாது. தொழிலில் பணமாக அல்லாமல் கிடைக்கும் பயன்களுக்கும் மூலத்திலேயே 10 விழுக்காடு வரி பிடிக்கும் விதி 2022 ஜூலையில் வந்தது. விற்க முடியாத பங்குக்கு இந்த ஆண்டே ரொக்கமாக வரி கட்டும் நிலை வீரருக்கு வரலாம். ஆகவே அந்த வரிக்கான தொகையை நிறுவனம் பணமாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்குவது அவசியம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வீரர் கேட்க வேண்டியவை இந்தக் கதைகளிலிருந்தே வருகின்றன. பங்கு கூலிக்குப் பதிலா, கூலிக்கு மேலா? வாக்குரிமை உள்ள பங்கா, லாபம் மட்டும் காட்டும் பெயரளவுப் பங்கா? ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்த கணக்கை, படிக்கத் தெரிந்த மொழியில் பார்க்கும் உரிமை உண்டா? புதிய முதலீட்டாளர் வரும்போது தன் விழுக்காடு எவ்வளவு தேயும்? வெளியே சந்தை இல்லாவிட்டால் எந்த விலையில், எந்த ஆண்டுக்குள் நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும்? நிறுவனம் மொத்தமாக விற்கப்படும் நாளில் பெரிய பங்குதாரருக்குக் கிடைக்கும் அதே விலை தனக்கும் கிடைக்குமா?

இவற்றில் பலவற்றைப் பிறகும் பேசித் திருத்தலாம், காயம் பற்றிய விதியை மட்டும் முதல் நாளே எழுத வேண்டும். பங்குகள் பொதுவாக ஆண்டுக்கு இவ்வளவு என்று நான்கைந்து ஆண்டில் படிப்படியாகத்தான் வீரருக்கு உரிமையாகும். நடுவில் விலகினால் மிச்சம் நிறுவனத்துக்கே திரும்பிவிடும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வகுத்த விதி அது. இரண்டாம் ஆண்டில் விழித்திரை கிழிந்து மருத்துவர் தடை போட்டால், சண்டை வீரர் விரும்பி விலகியவர் ஆகமாட்டார். களத்தில் பட்ட காயத்தால் மேடை ஏற முடியாமல் போகும் அன்றே மீதிப் பங்கு முழுவதும் அவருக்கும், இறந்தால் வாரிசுக்கும் உரிமையாகும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிகிச்சைச் செலவு அந்தப் பங்கிலிருந்து கழியாமல், நிறுவனம் எடுக்கும் காப்பீட்டிலிருந்து தனியாக வர வேண்டும்.